அரை நூற்றாண்டு உறங்கிய அட்டவணை

ஆல்ஃபிரட் சோமர் என்று தட்டினால் போதும், மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழுகின்றன. கண் மருத்துவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளியின் முதல்வராக 1990 முதல் 2005 வரை இருந்தவர், 1997இல் லாஸ்கர் விருது பெற்றவர். அவரை மேற்கோள் காட்டியவர்களை எண்ணுவதில் எனக்கு ஆர்வமில்லை. வைட்டமின் ஏ குறைவு குழந்தைகளின் உயிரைப் பறிக்கிறது என்பதை அவருக்கு முன்னால் சொன்னவர் யாராவது உண்டா? அதைத்தான் தேடினேன்.

தேடலைத் தொடங்கிய இடம் லான்செட் மருத்துவ இதழில் வந்த சோமரின் 1983ஆம் ஆண்டுக் கட்டுரை. இந்தோனேசியக் கிராமங்களில் 3,481 குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றரை ஆண்டு பரிசோதித்த தரவு அது. திரட்டியது வைட்டமின் ஏ குறைவால் வரும் கண்நோயை அறிய. ஆனால் மாலைக்கண்ணோ, வெண்விழியில் நுரைபோலப் படியும் பிட்டோ புள்ளியோ இருந்த குழந்தைகள், மற்றவர்களைவிடச் சராசரியாக நான்கு மடங்கு அதிகம் இறந்திருந்தார்கள். லேசான கண்நோய்தான், பார்வைகூடப் போகவில்லை. அடுத்து அச்சே மாநிலத்தில் 450 கிராமங்கள், ஏறத்தாழ 26,000 குழந்தைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கொடுத்த ஊர்களில் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. 1986இல் இது வெளிவந்தபோது பலர் நம்பவில்லை. மற்ற ஊர்களில் போலி மருந்து தரப்படவில்லை என்ற ஆட்சேபம் நியாயமானதுதான்.

பின்னோக்கிப் போனேன். கண்வறட்சி, மாலைக்கண் என்று எந்தச் சொல்லைக் கொண்டு தேடினாலும் கண் மருத்துவ இதழ்களிலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். நம் பக்கத்துக் கட்டுரை ஒன்றுகூட அகப்பட்டது: குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் ஐக்ராய்டும் சென்னை அரசு கண் மருத்துவமனையின் ரைட்டும் செம்பனை எண்ணெயால் கருவிழி நைவைக் குணப்படுத்தியதை 1937இல் எழுதியிருக்கிறார்கள். நல்ல கட்டுரை. அங்கேயும் பேச்சு கண்ணைப் பற்றித்தான்.

வழி திறந்தது வேறு திசையில். கிரீனும் மெல்லன்பியும் 1928இல் வைட்டமின் ஏ தொற்றை எதிர்க்கும் பொருள் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அந்த இதழின் பிந்தைய தொகுதிகளைப் புரட்டினால், 1932இன் இரண்டாம் அரையாண்டில், 708ஆம் பக்கத்தில் ஜோசப் எலிசன். தலைப்பு தட்டம்மைக்கான தீவிர வைட்டமின் சிகிச்சை பற்றியது. அதில் கண் இல்லை, 'ஏ' என்ற எழுத்தும் இல்லை. தேடுபொறிக்கு எப்படிச் சிக்கும்?

லண்டன் குரோவ் பார்க் மருத்துவமனை, தட்டம்மையோடு வந்த 600 குழந்தைகள். பாதிப் பேருக்கு வைட்டமின், பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வைட்டமின் பெற்ற 300 பேரில் இறந்தவர்கள் 11. பெறாத 300 பேரில் 26. அந்த இரண்டு எண்களையும் நான் மறுபடி மறுபடி பார்த்தேன். சோமர் பிறந்ததே இதற்குப் பத்தாண்டு கழித்துத்தான்.

எலிசன் மறக்கப்பட்டதற்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை. 1930களின் நடுவில் சல்ஃபா மருந்துகள் வந்தன, தொற்றுக்கு வைட்டமின் என்ற பேச்சே எடுபடாமல் போயிற்று. சோமரும் சேர்ந்து நடத்திய டான்சானியா தட்டம்மை ஆய்வு 1987இல் வந்தபோதுதான் அந்தக் கேள்வி உயிர்பெற்றது. தட்டம்மைக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும்படி உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதே ஆண்டு பரிந்துரைத்தன. முதலில் கண்டவர் என்ற பட்டத்தை நான் சோமருக்குத் தரமாட்டேன். விடாமல் திரும்பத் திரும்பச் சோதித்து உலகைக் கேட்கவைத்தவர் அவர், அது சின்ன வேலையல்ல.

தேடலில் எனக்குப் பிடித்த கண்ணி திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ரஹ்மத்துல்லா முதன்மை ஆசிரியராக 1990இல் வெளியிட்ட ஆய்வு: 15,419 குழந்தைகள், இம்முறை ஒப்பீட்டுக் குழுவுக்கும் வைட்டமின் ஈ கொடுத்தாயிற்று. இறப்பு 54 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு வந்த ஐதராபாத் ஆய்வில் வித்தியாசமே தெரியவில்லை. பல ஆய்வுகளையும் சேர்த்து பீட்டன் குழு 1993இல் கணக்கிட்டபோது கிடைத்தது 23 சதவீதக் குறைவு. இப்படித் தொகுக்கும்போது திருச்சி ஆய்வு ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது, கொடுத்த அளவு வேறு என்பது மறைந்துபோகிறது. அச்சேயில் ஒரே தடவையில் கொடுத்தது 2 லட்சம் அலகு. திருச்சியில் வாரந்தோறும் கொடுத்தது 8,333 அலகு, அதாவது சாப்பாட்டிலேயே கிடைக்கக்கூடிய அளவு.