வேலூருக்கு வந்த அரசியர்

ஆங்கிலேயர் தம் மன்னருள் ஒருவனைத் திரும்பத் திரும்ப நாடகமாக்கிப் பார்ப்பதில் இன்னும் சலிப்படையவில்லை. டியூடர் குலத்து எட்டாம் ஹென்றியே அவன். 1970ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் அவனுடைய மனைவியர் அறுவருக்கும் ஆளுக்கொன்றாக ஆறு நாடகங்களை ஒளிபரப்பியது. 2007 முதல் 2010 வரை ‘தி டியூடர்ஸ்’ என்னும் நெடுந்தொடர் நான்கு பருவங்களாக ஓடிற்று. அவனுடைய அமைச்சன் தாமஸ் குரோம்வெல்லை நடுநாயகமாக வைத்த ‘உல்ஃப் ஹால்’ 2015இல் வந்தது; அதன் பிற்பகுதி 2024இல் வெளியாயிற்று. 1547இல் மாண்ட ஒரு மன்னனைக் காண, ஐந்நூறு ஆண்டுகள் நெருங்கிய பின்னரும் உலகெங்கும் மக்கள் கூடுகின்றனர்.

மணவூரில் நாமும் அந்நெடுந்தொடரைப் பல இரவுகள் அமர்ந்து பார்த்தோம். பட்டாடைகள் மின்னின, விருந்துகள் நடந்தன, ஒவ்வொரு பருவத்திலும் சில தலைகள் உருண்டன. உடன் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், “நம் பக்கத்தில் இப்படி ஒரு ராஜா இருந்ததில்லையா?” என்று கேட்டார். நெடுந்தொலைவு தேட வேண்டியதில்லை. மணவூரில் இரயில் ஏறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, காட்பாடியில் இறங்கினால் வேலூர். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்றொரு நினைவகம் இருக்கிறது. கண்டி அரசின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கேதான் துயில்கிறான். கொடுங்கோலன் என்று பெயர் வாங்கியவன். அவனுக்கும் அரசியர் நால்வர் இருந்தனர்.

இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும்போது, கொடுமையைக் காட்டிலும் கொடுமை சொல்லப்பட்ட விதமே நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது.

ஹென்றியின் கதை யாவரும் அறிந்தது. 1509இல் பதினெட்டு வயது நிரம்பும் முன்னரே அரியணை ஏறினான். முதல் மனைவி கேத்தரின் ஆண்மகவு தரவில்லை என்று அவளை விலக்கத் துணிந்தான். போப்பாண்டவர் இசையாமையால் ரோமாபுரியோடு உறவையே அறுத்தான். இரண்டாமவள் ஆன் போலின் 1536 மே 19இல் வாளுக்கு இரையானாள். மூன்றாமவள் ஜேன் மகனை ஈன்ற சில நாட்களில் இறந்தாள். நான்காம் மணம் சில மாதங்களில் செல்லாததாயிற்று. ஐந்தாமவள் கேத்தரின் ஹோவர்டு 1542இல் தலை இழந்தாள். ஆறாமவள் அவனுக்குப் பின்னும் உயிரோடிருந்தாள். இத்தனையும் ஒரு மகனுக்காகத் தொடங்கியது. கிடைத்த மகன் ஆறாம் எட்வர்டோ பதினைந்து வயதில் இறந்துபோனான். பின்னர் அந்நாட்டைச் சிறப்புற ஆண்டவள், தலை வெட்டுண்ட ஆன் போலினின் மகள் எலிசபெத்.

கண்டியில் இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வு இருந்தது. கண்டி மன்னர் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களிலிருந்து பெண் எடுத்து வந்தனர். 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்தரசி வயிற்றில் மகனின்றி இறந்தபோது, அரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயரோடு முடிசூடினான். 1747இல் அவனும் பிள்ளையின்றி இறக்க, அவனுடைய அரசியின் உடன்பிறந்தான் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அரசனானான். மகன் இல்லையே என்று மனைவியின் தலையைக் கொய்ய வேண்டிய தேவை அங்கு எழவில்லை. மனைவி வழியாகவே மைத்துனன் அரசாள வந்தான். கண்டி நாயக்க வமிசம் என்பதே அரசியரால் அமைந்த வமிசம். சைவக் குடும்பத்தில் பிறந்த கீர்த்தி ஸ்ரீ, சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து 1753இல் இலங்கைப் பௌத்த சங்கத்துக்குப் புத்துயிர் ஊட்டினான்.

இவர்களுடைய வீட்டுமொழி தெலுங்கு, தமிழும் அறிந்தவர்கள். நாட்டு மக்களின் மொழியோ சிங்களம். நம் திருத்தணி வட்டாரத்தார்க்கு இது வியப்பாக இராது. 1960 ஏப்ரல் முதல் நாள் வரை ஆந்திரத்தோடு இருந்து, பின்னர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பகுதியல்லவா இது! அடுப்பங்கரையில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் இங்கு எத்தனையோ. ஆங்கிலேயருக்கு மட்டும் இந்நுட்பம் வேண்டியிருக்கவில்லை. நாயக்கர் அனைவரையும் ‘மலபாரிகள்’ என்று ஒரே சொல்லில் அந்நியராக்கிவிட்டனர்.

கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரமனும் ஏறத்தாழப் பதினெட்டு வயதில்தான், 1798இல், அரசுகட்டில் ஏறினான். ஏற்றி வைத்தவன் முதலமைச்சன் பிலிமத்தலாவை. இளைஞன் தன் கைப்பாவையாக இருப்பான் என்பது அவன் கணக்கு. பாவை தானே நடக்கத் தொடங்கிற்று. சதி செய்த குற்றத்துக்காக 1811இல் பிலிமத்தலாவை தலை இழந்தான். அவனுக்குப் பின் அப்பதவிக்கு வந்த எகலப்பொலை 1814இல் கிளர்ச்சி செய்து, ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். அவனுடைய மனைவியும் மக்களும் கண்டியில் மன்னன் கையில் அகப்பட்டிருந்தனர்.

அடுத்து நடந்ததே இலங்கை முழுதும் இன்றும் சொல்லப்படும் கதை. 1814 மே மாதம், அரண்மனைக்கு முன்னே, எகலப்பொலையின் மக்கள் தலை வெட்டப்பட்டனர். மூத்தவன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொள்ள, இளையவன் மத்தும பண்டாரன் அண்ணனைத் தேற்றித் தானே முன்வந்து கழுத்தை நீட்டினான் என்பர். வெட்டுண்ட தலைகளை உரலில் இடித்திடுமாறு தாயையே ஏவினர் என்றும், பின்னர் அவள் போகம்பறைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டாள் என்றும் அக்கதை தொடர்கிறது.

படிக்கும்போதே நெஞ்சு பதைக்கிறது. எனினும் இதை விரிவாக எழுதி உலகுக்கு அளித்தவர் யார் என்று கேட்க வேண்டும். ஆங்கிலப் படை மருத்துவர் ஜான் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் இது காணப்படுகிறது. அவர் இலங்கைக்கு வந்தது 1816இல். மன்னன் அதற்கு முன்பே நாடு கடத்தப்பட்டுவிட்டான். அவருக்கும் முன்னதாக, ஜான் டாய்லி என்னும் ஆங்கில அதிகாரி கண்டியெங்கும் ஒற்றர்களை வைத்து, மன்னனைப் பற்றிய செய்திகளைத் திரட்டிக் கொழும்புக்கு எழுதிக்கொண்டிருந்தார். இலங்கையின் பெரும் மானுடவியல் அறிஞர் கணநாத் ஒபயசேகர 2017இல் வெளியிட்ட நூலில் இச்சான்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாராய்ந்து, அரக்கன் என்ற இவ்வுருவம் பெரும்பகுதி ஆங்கிலேயரும் அவரைச் சார்ந்த பிரதானிகளும் வனைந்தது என வாதிட்டார்.

மன்னன் மாசற்றவன் என்று நாம் சொல்லவரவில்லை. 1803இல் கண்டியில் சரணடைந்த ஆங்கிலப் படையினர் கொல்லப்பட்டனர். 1814இல் வணிகத்தின் பொருட்டு வந்த ஆங்கிலக் குடிகள் பதின்மர் உறுப்பு அறுக்கப்பட்டனர். இன்று சுற்றுலாப் பயணிகள் கண்டு களிக்கும் கண்டி ஏரியை வெட்டியவன் அவனே. அவ்வேலைக்கு மக்கள் வருத்தி இழுக்கப்பட்டனர். பிள்ளைகளைக் கொன்ற பாவத்தை, உரல் கதை உண்மையாயினும் பொய்யாயினும், யாரும் கழுவ முடியாது.

ஆனால் இதே தராசில் ஹென்றியையும் வைத்து நிறுக்க வேண்டாமா? ரெஜினால்டு போல் என்னும் பாதிரியார் ஹென்றியை எதிர்த்து இத்தாலியில் இருந்துகொண்டு எழுதினார். மகன் கைக்கு எட்டவில்லை, குடும்பம் எட்டிற்று. அண்ணன் 1539இல் கொல்லப்பட்டான். தாய் மார்கரெட், சால்ஸ்பரி சீமாட்டி, அறுபத்தேழு வயது மூதாட்டி, 1541 மே மாதம் லண்டன் கோட்டையில் தலை வெட்டப்பட்டாள். அண்ணன் மகனாகிய சிறுவன் அக்கோட்டைக்குள் அடைக்கப்பட்டான். வெளியே வரவே இல்லை. எல்லை கடந்து போனவனுக்காக, எல்லைக்குள் அகப்பட்ட பெண்ணையும் பிள்ளையையும் பலியிடுவது! கண்டியில் 1814இல் நடந்ததாகச் சொல்லப்படுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நஞ்சிட்டவரை உயிரோடு கொதிநீரில் இட வேண்டும் என 1531இல் சட்டம் செய்ததும் ஹென்றியின் அரசே.

வேறுபாடு விளைவில் இருக்கிறது. ஹென்றியின் கொடுமையைச் சொல்லி எவரும் இங்கிலாந்தைப் பறித்துக்கொள்ளவில்லை. அது அந்நாட்டார் தம் வீட்டுக்குள் பேசிக்கொள்ளும் கதை. குழந்தைகள் அறுவர் கதியையும் பாட்டாகப் படித்து மகிழ்கின்றனர். ஸ்ரீ விக்கிரமனின் கொடுமையோ ஒரு நாட்டின் விலையாயிற்று. 1815 மார்ச் 2ஆம் நாள் தேசாதிபதி பிரவுன்ரிக் கண்டியில் பிரதானிகளைக் கூட்டி ஓர் உடன்படிக்கை செய்தார். மன்னன் கொடுங்கோன்மையால் அரசுரிமை இழந்தான் என்றது அது. சித்திரவதையும் உறுப்பறுத்தலும் இனி இல்லை என்றது. அதே ஏட்டில், மன்னனின் ஆண் உறவினர் எவரேனும் இசைவின்றிக் கண்டி நாட்டில் கால் வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்றும் எழுதியிருந்தது!

மூன்றாண்டுகள் செல்வதற்குள் அதே கண்டி மக்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தனர். அக்கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றவன் கெப்பெட்டிப்பொலை. குளத்தில் மூழ்கடிக்கப்பட்டாள் என்கிறார்களே, எகலப்பொலையின் மனைவி, அவளுடைய உடன்பிறந்தான் அவன். எவளுடைய கண்ணீரைக் காட்டி நாட்டைப் பிடித்தனரோ, அவளுடைய சகோதரன் 1818 நவம்பரில் அவர்கள் கையாலேயே தலை இழந்தான். அவன் மண்டையோடு எடின்பரோ நகரத்துக்கு ஆராய்ச்சிப் பொருளாக அனுப்பப்பட்டு, 1954இல்தான் தாயகம் திரும்பிற்று. எகலப்பொலைக்கும் ஆங்கிலேயர் அரியணை தரவில்லை. மொரீஷியஸ் தீவுக்கு நாடு கடத்தினர். 1829இல் அங்கேயே மாண்டான். இவற்றை வைத்து எத்தனை பருவங்கள் எடுக்கலாம்!

எடுக்கவே இல்லை என்று சொல்வதற்கில்லை. பழைய தமிழ் நாடக மேடையில் ‘கண்டிராஜா’ பெயர்பெற்ற நாடகம். சிங்களத்தில் எகலப்பொலையின் மனைவியைப் பற்றி 2014இலும், மன்னனைப் பற்றி ‘கிரிவெசிபுர’ என்ற பெயரில் 2018இலும் திரைப்படங்கள் வந்தன. ஆயினும் நம் பக்கத்து மன்னரைத் திரையில் காட்டுவது அத்துணை எளிதன்று. 1990இல் தூர்தர்ஷனில் ‘திப்பு சுல்தானின் வாள்’ ஒளிபரப்பானபோது, இது ஒரு புதினத்தைத் தழுவிய கற்பனை என்ற அறிவிப்பு ஒவ்வொரு முறையும் முன்னே வந்து நின்றது நினைவிருக்கும். டியூடர் தொடரில் ஆடை முதல் ஆண்டு வரை எத்தனையோ பிழைகள் உள்ளன. அதைக் கற்பனை என்று அறிவிக்குமாறு எவரும் வழக்குத் தொடுக்கவில்லை.

ஸ்ரீ விக்கிரமன் 1815 பிப்ரவரி 18ஆம் நாள் தும்பறைப் பக்கத்து மலைக்காட்டில் ஒரு வீட்டில் ஒளிந்திருக்கையில் பிடிபட்டான். பிடித்தவர் அவனுடைய குடிகளே. மன்னனைக் கொடிகளால் கட்டி இழுத்தனர்; அரசியரின் அணிகலன்களைப் பறித்தனர். காதுகளிலிருந்து நகைகள் அறுத்தெடுக்கப்பட்டன என்பர். பின்னர் டாய்லி பல்லக்குகளை அனுப்பி அவர்களைக் கொழும்புக்கு எடுத்துச்சென்றார். 1816 ஜனவரி 24இல் ‘கார்ன்வாலிஸ்’ என்னும் கப்பல் மன்னனையும் தாயையும் அரசியரையும் உறவினரையும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டது. உடன் சென்ற கிரான்வில் என்னும் அதிகாரி அப்பயணத்தை நாட்குறிப்பாக எழுதி வைத்தார்.

சென்னையிலிருந்து வேலூர்க் கோட்டை. இக்கோட்டை அரச குடும்பங்களைச் சிறைவைத்துப் பழகியது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் ஷஹீதானபின், அவருடைய மக்களும் மகளிரும் இங்கேதான் கொண்டுவரப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் எழுந்து கோட்டையில் திப்புவின் கொடியை ஏற்றியதும், ஆங்கிலேயர் அஞ்சி இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். பத்தாண்டுகள் கழித்து, அதே மதில்களுக்குள் கண்டி மன்னனின் குடும்பம் வந்து இறங்கிற்று. கோட்டைக்குள் திப்பு மகால், ஹைதர் மகால், கண்டி மகால் என்று கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஹைதர், திப்பு குடும்பத்து மகளிர் சிலர் வேலூரிலேயே தங்கி மறைந்தனர். அவர்தம் அடக்கத்தலங்களும் அவ்வூரிலேயே உள்ளன.

பேகங்களைப் பற்றியும் அரசியரைப் பற்றியும் எவரும் தொடர் எடுக்கவில்லை. டியூடர் கதையில் மனைவியர் இறந்ததால் புகழ்பெற்றனர். ஆன் போலின் சாகும்முன் பேசிய சொற்கள் வரை ஏட்டில் இருக்கின்றன. கண்டி அரசியரை அவர்களுடைய கணவன் கொல்லவில்லை, விலக்கவில்லை. அதனாலேயே போலும், கதை சொல்வோர் கண்ணில் அவர்கள் படவில்லை. வெங்கட ரங்கம்மாள் என்ற பெயர் ஒரு பழைய ஓவியத்தோடு சேர்ந்து எஞ்சி நிற்கிறது. மற்றவர் பெயர்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. சொந்தக் குடிகளால் காது அறுபட்டு, கடல் கடந்து, தம் முன்னோர் புறப்பட்ட தமிழ்நாட்டுக்கே கைதிகளாகத் திரும்பி வந்து, உதவித்தொகையில் காலம் கழித்த பெண்கள் என்ன பேசிக்கொண்டனர் என்பதை எழுதிவைக்க ஒரு டாய்லியும் வரவில்லை.

மன்னன் 1832 ஜனவரி 30ஆம் நாள் மகோதர நோயால் இறந்தான். வயது ஐம்பத்திரண்டு. பாலாற்றங்கரையில் அவன் கல்லறை நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 1990இல் தமிழக அரசு முத்து மண்டபம் எழுப்பிற்று. அவன் அமர்ந்த அரியணை விண்ட்சர் கோட்டையில் கிடந்து, 1934இல் இலங்கைக்குத் திருப்பித் தரப்பட்டு, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹென்றி நாட்டையே புரட்டிப்போட்டுத் தேடிய ஆண்மகவு ஸ்ரீ விக்கிரமனுக்கும் பிறந்தது. ஆனால் பிறந்தது கண்டியில் அன்று. வேலூர்க் கோட்டைச் சிறையில். அரசாள நாடில்லாத அந்தப் பிள்ளைக்குக் கண்டி மன்னர் வழியில் ராஜாதி ராஜசிங்கன் என்றே பெயரிட்டனர்.