திருத்தினால் திருட்டா?

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற பெரியவர் யாரிடமாவது வெயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘‘அந்தக் காலத்துல இப்படியா சார் காய்ஞ்சுது?’’ என்பார். தெருவில் பாவு நீட்டுகிறவர்களுக்கு வானம்தானே முதலாளி!

ஆனால், ஞாபகம் கணக்காகுமா?

7-ம் நூற்றாண்டில் காஞ்சியைப் பற்றி எழுதிய சீன யாத்ரீகர் யுவான் சுவாங்கும் இதை வெப்பமான பூமி என்றுதான் குறித்தார். எத்தனை டிகிரி? பாவம், அவரிடம் வெப்பமானி இல்லை!

1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்திய கம்பெனி வானாய்வுக்கூடம் கட்டியது. 1796-லிருந்து வானிலைக் குறிப்பும் எழுத ஆரம்பித்தார்கள். இப்படி எழுதி வைக்கும் பழக்கம் இருந்ததால்தான், 2015 நவம்பரில் சென்னையில் 1,049 மி.மீ. மழை கொட்டியபோது, 1918 நவம்பரின் 1,088 மி.மீ.க்குப் பிறகு இதுதான் அதிகம் என்று சொல்ல முடிந்தது.

சரி, பழைய கணக்கை அப்படியே நம்பலாமா? இங்கேதான் சண்டை.

அந்நாளில் இந்தியாவில் வெப்பமானியை ஓலைக் கொட்டகைக்குள் தொங்கவிட்டார்கள். 20-ம் நூற்றாண்டில் ஸ்டீவன்சன் பெட்டி என்ற வெள்ளை மரப்பெட்டிக்கு மாறினார்கள். (இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், ‘புதையல் தீவு’ கதை எழுதியவரின் அப்பா!) கொட்டகை அளவும் பெட்டி அளவும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. அதனால் விஞ்ஞானிகள் வித்தியாசத்தைக் கணக்கிட்டுத் திருத்துகிறார்கள்.

‘‘பார்த்தீர்களா, பூமி சூடாகுதுன்னு காட்ட நம்பரை மாத்துறாங்க!’’ என்று ஒரு கோஷ்டி கிளம்பியது.

நான் பி.காம். படித்தவன். பேரேட்டில் தப்பு இருந்தால் அழித்து எழுதக் கூடாது. பழைய பதிவை அப்படியே விட்டு, காரணம் சொல்லித் திருத்தப் பதிவு போட வேண்டும் என்பது பாலபாடம். மறைத்தால்தான் மோசடி.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலக் கப்பல்களில் கான்வாஸ் வாளியில் கடல்நீரை மொண்டு சூடு பார்த்தார்கள். மண்பானைத் தண்ணீர் மாதிரி, வாளிக்குள்ளேயே நீர் ஆறிவிடும்! அதைத் திருத்தியபோது பழைய கடல் இன்னும் சற்று சூடாக இருந்தது தெரிந்தது. விளைவு? உலகம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால், திருத்தங்கள் வெப்ப உயர்வை ஏற்றவில்லை. கொஞ்சம் குறைத்தே காட்டுகின்றன. திருடன் எங்காவது தன் பங்கைக் குறைப்பானா?

இது வெறும் படிப்பாளிச் சண்டை இல்லை. காஞ்சி வட்டாரமே ஏரிகளை நம்பியிருக்கும் பூமி. கரையை எவ்வளவு உயர்த்துவது, உபரி நீர்க் கால்வாயை எவ்வளவு அகலமாக வெட்டுவது... எல்லாம் பழைய மழைக் கணக்கை வைத்துத்தான். முழக்கோல் தப்பென்றால் கோலைச் சரி பண்ணலாம். அதற்காக யாராவது அளக்காமலே புடவையை அறுப்பார்களா?