பகிரப்பட்டதே தங்கியது: சிம்ப்யூட்டர், பிபிசி மைக்ரோ, பழைய கணினிகளின் மென்பொருள் தொகுப்பு

பழைய வீட்டுக் கணினிகளின் மென்பொருளைத் தொகுப்பது என்றதும் இரண்டு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மனத்தில் தோன்றுகின்றன. முதலில் சேர்த்துப் பத்திரப்படுத்துவது. பிறகு, உரிமைச் சிக்கல்கள் தீர்ந்த ஒருநாளில், கேட்பவர்களுக்குக் கொடுப்பது. நூலகங்களும் அருங்காட்சியகங்களும் பழகிய வரிசை இதுதான். மென்பொருளுக்கு இந்த வரிசை பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நாடாவிலோ வட்டிலோ கிடக்கும் நிரல் முழுமையாக இருக்கிறதா என்பது அதை யாராவது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பூட்டிய அலமாரிக்குள் அது கெட்டுப்போனாலும் அட்டைப்பெட்டி அழகாகவே இருக்கும். ஆகவே பகிர்தல், பாதுகாப்பு முடிந்தபின் வரும் சலுகை ஆகாது. பாதுகாப்பு நடப்பதே பகிர்தலின் வழியாகத்தான். இதைச் சோதித்துப் பார்க்கப் பெங்களூரு பொருத்தமான ஊர். மென்பொருளால் உலகப் பெயர் பெற்ற நகரம் இது. ஆயினும் அங்கே எழுதப்பட்ட நிரல் எதையும் பொது நூலகத்தில் ஒப்படைக்கும் கடமை யாருக்கும் இல்லை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, பதிப்பாளர்கள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். 1956இல் செய்தித்தாள்களும் அதில் சேர்ந்தன. மென்பொருள் சேரவில்லை.

பெங்களூருவின் சொந்தக் கணினியான சிம்ப்யூட்டரிலிருந்து தொடங்கலாம். 1998 அக்டோபரில் அந்நகரில் நடந்த, வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கையொட்டிப் பிறந்த எண்ணம் அது. இந்திய அறிவியல் கழகத்தின் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலியோரும் இணைந்து சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை அமைத்தார்கள். 2001 ஏப்ரலில் கருவி அறிமுகமானது. லினக்ஸில் ஓடிய அந்தக் கையடக்கக் கணினியில் ஸ்மார்ட் கார்டுக்கு ஒரு செருகிடம் இருந்தது. ஊரில் ஒரு கருவி, ஆளுக்கொரு அட்டை என்பது திட்டம். 2004 ஏப்ரலில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாக வந்த அமிடா என்ற சிம்ப்யூட்டரில் அசைவை உணரும் உணரி இருந்தது. கருவியைச் சாய்த்தும் திருப்பியும் அதற்கு ஆணையிடலாம். ஐஃபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு இது. விற்பனை சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. சிம்ப்யூட்டரை வீட்டுக் கணினி வரிசையில் வைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கணினியே இல்லாதவர் கையில் மலிவான ஒன்றைக் கொடுப்பது என்ற நோக்கத்தில், 1982இல் பிரிட்டனில் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரமுக்கு அது தம்பி முறைதான்.

இக்கருவிக்காக எழுதப்பட்டவற்றில் ஒன்று இன்றும் எளிதாகக் கிடைக்கிறது: எழுத்தைப் பேச்சாக்கும் த்வனி. ரமேஷ் ஹரிஹரன் தலைமையில் 2000 அளவில் உருவான அது, பொது உரிமத்தின்கீழ் மூல நிரலோடு வெளியிடப்பட்டது. பின்னர் சந்தோஷ் தோட்டிங்கல் பராமரிப்பை ஏற்றார். இந்தி, கன்னடத்தைத் தாண்டித் தமிழ், மலையாளம், வங்காளம் எனப் பல மொழிகளுக்கு விரிந்து, சிம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராதவர்களின் கணினிகளிலும் ஓடியது. கருவி கடையிலிருந்து மறைந்தபிறகும் நிரல் வாழ்ந்ததற்குக் காரணம் அது பல கைகளில் இருந்ததே. இதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியவை, கருவியோடு பிணைந்து அதன் ஃபிளாஷ் நினைவகத்திலேயே விற்கப்பட்ட செயலிகள். அவ்வகை நினைவகம் தரவைக் காக்கும் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாக உறுதி தரும் காலம் இருபது ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. 2004இலிருந்து எண்ணினால் அந்தக் கெடு முடிந்துவிட்டது. சாய்த்து ஆணையிடும் முறையை அமிடா எவ்வாறு கையாண்டது என்பது உலகக் கணினி வரலாற்றில் இடம்பெற வேண்டிய செய்தி. அதற்கு நேரடிச் சான்று, யாருடைய இழுப்பறையிலோ கிடக்கும் கருவிக்குள் கசிந்துகொண்டிருக்கும் மின்னூட்டம். ஒரே ஊர், ஒரே திட்டம், ஏறத்தாழ ஒரே காலம். த்வனிக்கும் அந்தச் செயலிகளுக்கும் இடையே வேறுபட்டது பகிர்வு ஒன்றுதான்.

ஒரு தலைமுறை பின்னே போனால் சான்று இன்னும் பெரிதாகிறது. 1984-85இல் மைய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தின்கீழ் 12,000 பிபிசி மைக்ரோ கணினிகள் மாநில அரசுகளின் வழியே நாடெங்கும் பள்ளிகளுக்குப் போயின. கேம்பிரிட்ஜின் ஏகான் நிறுவனம் வடிவமைத்த அதே இயந்திரத்தை மொஹாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் யூனிகார்ன் என்ற பெயரில் இங்கே செய்தது. புணேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரமுக்குத் தன் வார்ப்பை விற்றது. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோவைப் போட்டவுடன் பேசிக் மொழி காத்திருக்கும். நிரல் எழுத வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை. அதனால் அந்த இயந்திரத்தின் மென்பொருள் என்பது பிரிட்டனிலிருந்து வந்த பாட நிரல்களோடு முடிவதில்லை. ஆசிரியரும் மாணவரும் தட்டிச் சேமித்த சிறு நிரல்களும் அதில் சேரும். அச்சுப்பெட்டி இல்லாமல், விலை இல்லாமல், பெயர்கூட இல்லாமல் இருந்தவை அவை. 1990களில் பள்ளிகள் ஐபிஎம் வகைக் கணினிகளுக்கு மாறியபோது பழைய வட்டுகளுக்குக் கணக்கில் இடமில்லை. பள்ளிக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை என்பதும் பிபிசி மைக்ரோ காலாவதியானது என்பதும் இத்திட்டத்தின் குறைகளாகப் பின்னர் சொல்லப்பட்டன. பிள்ளைகள் திரையில் எதைப் பார்த்தார்கள் என்பது கைக்குக் கிடைக்காதவரை, இந்த மதிப்பீட்டைச் சரிபார்க்கவோ மறுக்கவோ யாராலும் இயலாது. இந்தியப் பள்ளிக்கல்வியில் கணினி நுழைந்த முதல் பத்தாண்டின் முதன்மைச் சான்று அந்த நிரல்கள்தாம். இறக்குமதிச் சரக்கைச் சேர்த்து என்ன பயன் என்பவர்களுக்கு இதுவே என் பதில். இறக்குமதி செய்யப்பட்டது எது, இங்கே மாற்றப்பட்டது எது என்பதைக்கூட நிரலைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

நாடாவிலிருந்து நிரலை மீட்கும் முறையே பகிர்வின் தேவையைக் காட்டிவிடும். அன்றைய கணினிகள் நிரலைச் சாதாரண ஒலிநாடாவில் கீச்சொலியாகப் பதிந்தன. பிபிசி மைக்ரோ நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் எழுதியது. ஸ்பெக்ட்ரம் ஏறக்குறைய 1,500 பிட்டில் எழுதியது. மீட்பவர் அந்த ஒலியைப் பதிவு செய்து, அலைகளை மீண்டும் பிட்டுகளாக்கி, பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளான போன்மி ஒன்றில் ஓட்டிப் பார்க்கிறார். ஓரிடத்தில் காந்தப்பூச்சு உதிர்ந்திருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. அதை நிரப்ப வேறொருவரிடமுள்ள அதே நாடாவின் இன்னொரு பிரதி வேண்டும். அந்த வேறொருவர் யாரென்பதை, தன்னிடமுள்ளதை வெளியிட்ட தொகுப்பாளரே கண்டுபிடிக்கிறார். 1995இல் மார்ட்டைன் வான் டெர் ஹைட தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம் தொகுப்பு வளர்ந்தது இவ்வழியில்தான். பட்டியலில் இல்லாததையும் பழுதானதையும் பயனாளர்களே சுட்டினார்கள், அனுப்பினார்கள். அத்தொகுப்பு உரிமையாளர்களைத் தேடி அனுமதியும் கேட்டது. சின்கிளேரின் கணினி வணிகத்தை 1986இல் வாங்கிய ஆம்ஸ்ட்ராட், பதிப்புரிமை வாசகத்தை மாற்றாதவரை ஸ்பெக்ட்ரமின் ரோம் நிரலைப் போன்மிகளோடு வழங்கலாம் என்று 1999இல் இசைந்தது. மறுத்த நிறுவனங்களும் உண்டு. அவற்றின் நிரல்கள் பெயராகப் பட்டியலில் நின்றன, கோப்பு தரப்படவில்லை. இந்த ஒழுங்கு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. திருட்டுப் பிரதிக்கும் பொதுத் தொகுப்புக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

பலர் கைபட்டால் நிரல் திரிந்துபோகும் என்பது ஓர் ஆட்சேபம். உண்மைதான், பூட்டு உடைத்த பிரதிகள், தலைப்புத்திரையில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்ட பிரதிகள், பாதியில் அறுந்த பிரதிகள் ஏராளம். சுவடிப் பதிப்பில் பழகிய நமக்கு இது புதிய இடர் அல்ல. பாடபேதம் மிகுந்திருப்பது பதிப்பாசிரியருக்கு வேலையைக் கூட்டுமே தவிர நூலை அழிப்பதில்லை. நூலை அழிப்பது ஒற்றைப் பிரதி நிலைதான். மேலும், நிரலுக்குச் சுவடிக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்துப் பட்டியலில் இட்டுவிட்டால், ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். 2000இல் தொடங்கிய டோசெக் போன்ற பட்டியல்கள் திரிபுகளை ஒதுக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளப்படுத்தியே வைக்கின்றன. இந்தியாவில் கைமாறிய பிரதி எந்தப் பூட்டு உடைத்த பிரதியின் வழி வந்தது என்பதும் ஒரு வணிக வரலாறு. அதையும் இப்பட்டியல்களே சொல்லும்.

கடினமான ஆட்சேபம் சட்டத்திலிருந்து வருகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 1984 திருத்தத்தால் கணினி நிரல் இலக்கியப் படைப்பாக வகுக்கப்பட்டது. உரிமை ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள். 1985இல் 25 வயதில் ஒருவர் எழுதிய நிரல், அவர் 75 வயதுவரை வாழ்ந்தால், 2095 முடியும்வரை காப்பில் இருக்கும். எந்த நாடாவும் அதுவரை தாங்காது. 2012 திருத்தம் 52ஆம் பிரிவில் ஒரு விலக்கைச் சேர்த்தது: வணிக நோக்கற்ற பொது நூலகம், ஒரு படைப்பின் எண்முறை அல்லாத பிரதி தன்னிடம் ஏற்கெனவே இருந்தால், பாதுகாப்புக்காக அதை மின்னணு வடிவில் சேமிக்கலாம். அச்சு நூலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த நிபந்தனை, பிறப்பிலேயே எண்முறையான மென்பொருளை வெளியே நிறுத்திவிடுகிறது. மிக வேகமாக அழியும் படைப்புக்குத்தான் விலக்கு இல்லை. சட்டப்படி வைத்திருப்பவர் இழப்புக்கு எதிராகக் காப்புப் பிரதி எடுக்கலாம் என்ற இன்னொரு விலக்கு அவர் வீட்டோடு நிற்கிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புக்கு உரிமம் கேட்கும் 31அ பிரிவு நாளிதழ் அறிவிப்பையும் விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் வேண்டுகிறது. நூற்றுக்கணக்கான பெயரற்ற பள்ளி நிரல்களுக்கு இது நடைமுறைக்கு ஒவ்வாது. உரிமையாளரின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. பழைய விளையாட்டுகள் சில இன்றும் விலைபோகின்றன. ஆனால், விற்பவரும் இல்லாமல் மறுப்பவரும் இல்லாமல் கிடக்கும் நிரலைப் பூட்டி வைப்பதால் யாருடைய உரிமையும் காக்கப்படுவதில்லை. 52ஆம் பிரிவின் அந்த நிபந்தனையை நீக்குவதும், உரிமையாளர் கேட்டால் உடனே விலக்கிக்கொள்ளும் பொறுப்போடு வெளியிட நூலகங்களை அனுமதிப்பதும் சிறிய திருத்தங்களே.

விளையாட்டுகளுக்காக ஏன் சட்டத்தைத் தொட வேண்டும் என்று கேட்பவர்கள், கன்னட, தமிழ் ஆவணங்களின் நிலையை எண்ணிப் பார்க்கட்டும். கர்நாடக அரசின் ஆதரவோடு கன்னட கணக பரிஷத்து உருவாக்கிய நுடி மென்பொருளிலும், 1998இல் வந்த பரஹவிலும் தட்டச்சான பழைய கோப்புகள் அந்தந்த எழுத்துருவின் குறிமுறையிலேயே இருக்கின்றன. தமிழில் 1999இல் தாப், தாம் குறிமுறைகள் தரமாகி, 2010இல் தமிழக அரசு ஒருங்குறிக்கு மாறும்வரை எழுதப்பட்டவையும் அப்படியே. அந்த எழுத்துருவும் அதை ஓட்டிய மென்பொருளும் இல்லையென்றால் கோப்பு இருந்தும் வாசகம் இல்லை. பழைய மென்பொருள் தொகுப்பு அரசு ஆவணக் காப்பகத்தின் அடித்தளமாகவும் ஆகிவிடுகிறது.

இதைச் செய்யும் திறன் பெங்களூருவுக்கு இல்லாமல் இல்லை. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் 2019இல் திறக்கப்பட்ட ஆவணக் காப்பகம் இன்றைய இந்திய அறிவியலின் தாள்களைப் பொதுப் பார்வைக்கு வைத்திருக்கிறது. சர்வன்ட்ஸ் ஆஃப் நாலெட்ஜ் முயற்சி கன்னட நூல்களை வருடி இன்டர்நெட் ஆர்க்கைவ் வழியே வெளியிடுகிறது. அதே ஆர்க்கைவ் 2013 முதல் பழைய நிரல்களை உலாவியிலேயே ஓட விடுகிறது. தொடங்க வேண்டிய இடமும் தெளிவு. திறந்த உரிமத்தில் வந்த சிம்ப்யூட்டர் நிரல்களுக்கு இன்றே தடையில்லை. இதழ்களிலும் கையேடுகளிலும் அச்சான நிரல் வரிகள் எண்முறை அல்லாத பிரதி என்பதால், நூலகங்கள் அவற்றை இப்போதைய சட்டத்தின்படியே சேமிக்கலாம். பள்ளிகளின் பிபிசி வட்டுகளுக்கு, திருத்தம் வரும்வரை, பெயரும் ஊரும் சரிபார்ப்பு எண்ணும் மட்டும் கொண்ட பொதுப் பட்டியல் போதும். கோப்பு வெளிவராவிட்டாலும், தன்னிடமும் அதே வட்டு இருக்கிறது என்று ஒருவர் எழுத அந்தப் பட்டியல் வழிவிடும்.