சோதனையும் கைப்பற்றலும்: நீதியரசர் தீர்ப்புக் காணும் நெறி

குடிமகன் ஒருவனுடைய இல்லத்தினுள் அரசு புகுந்து தேடுவது எப்பொழுது முறையாகும், எப்பொழுது முறைகேடாகும் என்னும் வினா அரசியல் வரலாற்றிற் பழமையானது. ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பில் 1791 ஆம் ஆண்டு டிசெம்பர் 15 ஆம் நாள் இடம்பெற்ற நான்காவது திருத்தம் இவ்வினாவுக்கு ஒரே வாக்கியத்தில் விடை பகர்ந்தது. நியாயமற்ற சோதனையும் கைப்பற்றலும் ஆகா என்பது அதன் முதற்பகுதி. தக்க காரணமும் சத்தியக் கூற்றும் இன்றியும், தேடும் இடத்தையும் கைப்பற்றும் பொருளையும் திட்டமாகக் குறிப்பிடாமலும் ஆணை பிறப்பித்தலாகாது என்பது இரண்டாம் பகுதி. வாக்கியம் ஒன்றாயிருக்கத் தீர்ப்புகள் பலவாறாக அமைந்தமை ஏன்? இதனை உணர்த்துவதே அரசியலமைப்புச் சட்டத்தைக் கற்பிப்போரின் முதற் பணியாகும்.

இத்திருத்தத்தின் வேர் இங்கிலாந்தில் உளது. ஒருவனது வீடு அவனுக்குக் கோட்டை போன்றது என்னும் கொள்கை 1604 ஆம் ஆண்டின் செமெயின் வழக்கிலேயே கூறப்பட்டது. எனினும், 1762 இல் ஹலிபக்ஸ் பிரபுவின் ஆணையுடன் சென்ற அரச தூதர், ஜோன் என்றிக் என்னும் எழுத்தாளரின் வீட்டினுட் புகுந்து நான்கு மணி நேரம் தேடி அவருடைய தாள்களை அள்ளிச் சென்றனர். அரசின் தேவை கருதி இவ்வாறு செய்யலாம் என வாதிக்கப்பட்டபோது, அத்தகைய அதிகாரத்தை வழங்கிய சட்டம் யாது என வினவிய கம்டன் பிரபு, அது காணப்படாமையால் 1765 இல் என்றிக்கின் சார்பிலேயே தீர்ப்பளித்தார். அதிகாரம் கோருவோனே அதற்குச் சட்டம் காட்டல் வேண்டும் என்னும் நெறி இவ்வாறு உறுதி பெற்றது.

இதற்கு முன்னரே, 1761 இல் பொஸ்தன் நகரிற் சுங்க அதிகாரிகளின் பொது ஆணைகளை எதிர்த்து ஜேம்ஸ் ஓற்றிஸ் வாதாடினார். இடமும் பொருளும் குறியாது எங்கும் புகுந்து தேட அனுமதித்தவை அவ்வாணைகள். வழக்கில் ஓற்றிஸ் தோற்றார். ஆயின் அவர் வாதத்தைக் கேட்டிருந்த இளைஞரான ஜோன் அடம்ஸ், விடுதலை உணர்வு அங்கேயே பிறந்ததெனப் பிற்காலத்தில் எழுதினார். நான்காவது திருத்தம் திட்டமான குறிப்பை வற்புறுத்துவதன் காரணம் இவ்வரலாற்றை அறிந்த மாணவனுக்கே விளங்கும்.

இனி, நீதியரசர் எழுப்பும் வினாக்களை நிரலே நோக்குதல் தகும். முதலாவது, நிகழ்ந்தது சோதனைதானா என்பது. 1928 இல் ஒல்ம்ஸ்ரெட் என்னும் மதுக்கடத்தற்காரனின் தொலைபேசிக் கம்பிகளை அதிகாரிகள் அவன் வீட்டுக்கு வெளியே இணைத்து ஒட்டுக் கேட்டனர். வீட்டினுள் எவரும் புகாமையால் அது சோதனையன்று என ஐவர் கொண்டனர். பிறண்டைஸ் உள்ளிட்ட நால்வர் மறுத்தனர். 1967 இல் கற்ஸ் வழக்கில், பொதுத் தொலைபேசிக் கூண்டின் வெளிப்புறத்திற் கருவி பொருத்திக் கேட்டதும் சோதனையே எனத் தீர்ப்பாயிற்று. திருத்தம் காப்பது இடங்களையன்று, மனிதரையே என நீதியரசர் ஸ்ருவட் விளக்கினார். திருத்தத்தின் சொற்கள் மாறவில்லை. அச்சொற்களுக்கு நீதிமன்றம் கண்ட பொருளே மாறியது.

இரண்டாவது வினா, சோதனை நியாயமானதா என்பது. ஆணை பெறுவது பொதுவிதி, விதிவிலக்குகளும் உள. 1968 ஆம் ஆண்டின் ரெறி வழக்கில், கடையொன்றைப் பலமுறை நோட்டமிட்டவர்களை அனுபவம் வாய்ந்த துப்பறிவாளர் ஒருவர் நிறுத்தி, மேலாடையைத் தடவிப் பார்த்து ஆயுதம் கண்டார். ஆபத்தைத் தடுக்கும் அவசியத்தையும் சிறிது நேரத் தலையீட்டையும் சீர்தூக்கிய எண்மர் அதனை ஏற்றனர். நீதியரசர் டக்ளஸ் தனித்து மறுத்தார்.

மூன்றாவது, முறைகேடாகப் பெற்ற சான்றை ஏற்கலாமா என்பது. 1957 இற் கிளீவ்லண்ட் நகரில் டொல்றீ மப் என்னும் பெண்ணின் வீட்டினுட் பொலிசார் வலிந்து புகுந்தனர். விசாரணையிற் சோதனையாணை எதுவும் முன்வைக்கப்படவில்லை. மத்திய அரசின் வழக்குகளில் 1914 முதல் நிலவிய விலக்கு விதி, மாநில வழக்குகளுக்கும் உரியதென 1961 இல் உயர் நீதிமன்றம் விதித்தது. காவலன் தவறினான் என்பதற்காகக் குற்றவாளி தப்புவதா எனக் கார்டோசோ 1926 இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் எழுப்பிய வினா இன்றும் ஓயவில்லை. ஆணையை நன்னம்பிக்கையுடன் நம்பிச் செயற்பட்ட வழக்குகளில் அவ்விதி பொருந்தாதென 1984 இற் றிவு நேர்ந்தது.

இவற்றைக் கற்பிக்கும்போது முடிவை முதலிற் கூறிவிடுதல் பயனற்றது. 1870 இல் ஹாவாட் சட்டக் கல்லூரியில் லாங்டெல் தொடக்கிய வழக்காய்வு முறை, தீர்ப்புகளைப் படித்து நெறியைத் தாமே கண்டறியுமாறு மாணவரைத் தூண்டிற்று. அதனோடு மேலுமொரு படி சேர்த்தல் நன்று. நிகழ்ச்சியை மட்டும் முன்வைத்து, மூன்று வினாக்களுக்கும் மாணவர் விடையெழுதிய பின்னரே தீர்ப்பைப் படிக்கச் செய்யலாம். மாறுபட்ட நீதியரசரின் கருத்தையும் ஒருவரேனும் எடுத்து வாதாடல் வேண்டும். ஒல்ம்ஸ்ரெட் வழக்கில் தோற்ற கருத்தே கற்ஸ் வழக்கில் வென்றமையால், சிறுபான்மைத் தீர்ப்பைப் புறக்கணிப்போன் சட்டத்தின் வளர்ச்சியைக் காணான்.

புதிய கருவிகள் இப்பயிற்சியின் தேவையை மிகுவிக்கின்றன. கைதானவரின் கைத்தொலைபேசியை ஆராய ஆணை வேண்டுமென 2014 இல் ஒன்பதின்மரும் ஒருமித்தனர். ஒருவர் சென்ற இடங்களை 127 நாள் அளவுக்குக் காட்டிய தொலைபேசிப் பதிவுகள் பற்றிய 2018 ஆம் ஆண்டு வழக்கிலோ ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்தனர்.

இவ்வழக்குகளில் உரிமை கோரியோர் பலர் சான்றோரல்லர். மதுக் கடத்தியோரும் பந்தயம் பிடித்தோருமாவர். ஆயினும் அவர்க்கு மறுக்கப்படும் காப்பு அயல்வீட்டானுக்கும் எஞ்சியிராது. குற்றவாளியின் முகத்தை நோக்காது, கதவைத் தட்டியவனின் அதிகாரத்தை வினவப் பழகிய மாணவனே நீதியரசரின் நெறியைக் கற்றவனாவான்.