பாஸ்கா அப்பமும் பறக்கும் மணிகளும்

தபசு காலம் பாதி கடந்துவிட்டது. போன மாதம் சம்பா கோயில் பற்றி எழுதியபோது, "பிள்ளைகளுக்குப் பாஸ்காவின் அர்த்தத்தை வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்றும் எழுதுங்களேன்" என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். நான் உபதேசியார் இல்லை. கோப்புகளோடு காலம் தள்ளிய குமாஸ்தா. எந்த விஷயம் வந்தாலும் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. இதையும் அப்படியே பார்ப்போம்.

முதல் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலம் படித்தவர்கள் ஈஸ்டர் என்கிறார்கள். அது ஒரு பழைய மாதத்தின் பெயர், அந்த மாதப் பெயர் ஒரு தேவதையின் பெயரிலிருந்து வந்தது என்று பீட் என்ற ஆங்கிலேயத் துறவி 725-இல் எழுதி வைத்தார். பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்த சொல் 'பாக்'. கோயிலில் கேட்டது 'பாஸ்கா'. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: எபிரேயரின் 'பெசாக்', கடந்து போதல். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வீடுகளைச் சாவு கடந்து போன இரவு அது. சேசுநாதர் சீடர்களோடு கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டதும் அந்தத் திருநாளை ஒட்டித்தான். ஆகவே பாஸ்கா என்று சொன்னாலே கதையின் பாதியைச் சொன்ன மாதிரி. பிள்ளைகளிடம் இந்தச் சொல்லையே புழங்கலாம் என்பது என் கட்சி.

அந்த முதல் பாஸ்கா நடந்த இடம் கோயில் அல்ல, வீடு. யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி. சின்னக் குடும்பமாக இருந்தால் பக்கத்து வீட்டோடு சேர்ந்துகொள்ளலாம். நிலைக்கால்களில் இரத்தம் பூச வேண்டும், விடியும்வரை மிச்சம் வைக்கக் கூடாது. இவ்வளவு கட்டளைகளுக்கு நடுவில், "இது என்ன சடங்கு என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது" என்று ஒரு வாசகம் வருகிறது. பிள்ளை கேட்கும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதப்பட்ட கட்டளை இது.

பிற்கால யூதர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா நூலில், பாஸ்கா இரவில் இரண்டாம் கிண்ணம் ஊற்றியதும் மகன் தகப்பனைக் கேள்வி கேட்க வேண்டும் என்று இருக்கிறது. மகனுக்குக் கேட்கத் தெரியாவிட்டால் தகப்பன் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதுவும் பிள்ளையின் அறிவுக்கு ஏற்றபடி. இன்றும் யூத வீடுகளில் கடைசிப் பிள்ளைதான் எழுந்து, "இந்த இரவு ஏன் மற்ற இரவுகள் மாதிரி இல்லை?" என்று தொடங்கும். ரபி அக்கிபா என்ற பெரியவர் அன்று பிள்ளைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம், அவர்கள் தூங்கிவிடாமல் விழித்திருந்து கேள்வி கேட்பதற்காக. புளிக்காத அப்பத்தில் ஒரு துண்டை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லும் வழக்கமும் அந்த வீடுகளில் உண்டு. தின்பண்டமும் ஒளித்து விளையாடுவதும் ஐரோப்பியர்கள் கண்டுபிடித்தவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்கு வயது அதிகம். அங்கே தின்பண்டம் கேள்விக்கு வேலை செய்தது என்பதுதான் வித்தியாசம்.

இனி முட்டைக்கு வருவோம். முட்டை என்றாலே 'அந்நியச் சமாச்சாரம்' என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. இடைக்கால ஐரோப்பாவில் தபசு காலம் நாற்பது நாளும் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு ஏது தபசு? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். பாஸ்கா நெருங்கும்போது வீடு நிறைய முட்டை. அதைக் கோயிலுக்கு எடுத்துப் போய் மந்திரித்து வாங்கி வந்து, நோன்பு விட்ட முதல் சாப்பாடாக உண்டார்கள். 1614-இல் ரோமில் வெளியான சடங்கு நூலில் பாஸ்கா முட்டையை மந்திரிக்கத் தனி செபமே இருக்கிறது. போலந்தில் இன்றும் பெரிய சனிக்கிழமையன்று பிள்ளைகள் சின்னக் கூடையில் முட்டை, ரொட்டி, உப்பு, இறைச்சி எல்லாம் வைத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போகிறார்கள். மறுநாள் காலையில் மந்திரித்த முட்டையை வெட்டி ஆளுக்கொரு துண்டு பகிர்ந்து, வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார்கள். கிரேக்கர்கள் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, ஒன்றோடொன்று மோதி உடைத்து, "கிறிஸ்து உயிர்த்தார்", "மெய்யாகவே உயிர்த்தார்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாற்பது நாள் பட்டினியும் திறந்த கல்லறையும் அந்த ஓட்டுக்குள் இருக்கின்றன.

முயல் வந்த கதை வேறு. அல்சாஸ் பக்கத்தில் முயல் முட்டை கொண்டு வந்து தோட்டத்தில் ஒளித்து வைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்கிறார்கள் என, ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கனவ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1682-இல் லத்தீனில் எழுதினார். இங்கிலாந்தில் ஃப்ரை கம்பெனி 1873-இலும் காட்பரி 1875-இலும் சாக்லேட் முட்டை போட்டன. நோன்பு தளர்ந்து, முட்டை எந்த நாளும் கிடைக்கும் பண்டமான பிறகு, முட்டைக்குச் சொல்ல ஒரு கதையும் மிச்சமில்லை. இனிப்பு மட்டும் மிஞ்சியது.

பிரெஞ்சு வீடுகளில் முயலைவிட மணிக்குத்தான் மவுசு. பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடியபின் மணி அடிப்பதில்லை அல்லவா? அந்த மௌனத்துக்குப் பிள்ளைகளிடம் சொன்ன காரணம்: மணிகள் சிறகு முளைத்து ரோமுக்குப் போயிருக்கின்றன, பாப்பரசரைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது தோட்டத்தில் முட்டைகளைப் போட்டுவிட்டு வரும். எங்கள் பள்ளிப் பாடத்திலும் இது படத்தோடு இருந்தது. அந்த இரண்டு நாளும் பிரான்சின் கிராமங்களில் சிறுவர்கள் மரத்தாலான கிறுகிறுப்பானைச் சுழற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பூசை நேரத்தை அறிவிப்பார்களாம். நம் கோயில்களில் மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டுகிறோமே, அதன் பங்காளிதான்.

என் மகன் குடும்பம் பாரீசுக்கு அருகில் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு பேரன் போனில் கேட்டான்: "தாத்தா, இங்க மணி சாக்லேட் கொண்டு வருது. உங்க கோயில் மணி என்ன கொண்டு வரும்?" "வெறும் சத்தம்தான்டா" என்றேன். "அப்ப எதுக்கு ரோமுக்குப் போகுது?" என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி. துக்க வீட்டில் மேளம் அடிக்க மாட்டோம், அதுபோல ஆண்டவர் இறந்த நாளில் மணி வாய் திறக்காது. அந்த மௌனத்தை விளக்கத்தான் கதையே பிறந்தது. இப்போது கதை இருக்கிறது, மௌனம் போய்விட்டது. அவன் குடியிருக்கும் இடத்தில் மற்ற நாளிலும் கோயில் மணி காதில் விழுவதில்லை. விழாத மணி நின்றால் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

நம் தமிழ்ச் சபையின் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். வீரமாமுனிவர் காலத்திலிருந்து நம்மவர்கள் ஆண்டவரின் பாடுகளைத்தான் உருகி உருகிச் சொல்லி வந்திருக்கிறார்கள். இலங்கையில் ஊழியம் செய்த கோவா குருவான யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கம் இன்றும் அங்கே தபசு காலத்தில் வாசிக்கப்படுகிறது. ஊர் ஊராக நடக்கும் நாடகத்துக்குப் 'பாஸ்கு' என்று பெயர். உயிர்ப்பின் திருநாளுக்கான சொல்லைப் பாடுகளின் நாடகத்துக்கு வைத்துவிட்டோம்! எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. பெரிய வெள்ளியன்று நம் வீட்டுப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்: முள்முடி, ஆணி, ஈட்டி, மாதாவின் கண்ணீர். ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை, பிரியாணி. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் முழிக்கும்.

இதற்கு வழிபாட்டு நேரமும் ஒரு காரணம் என்பேன். 1566-இல் ஐந்தாம் பத்திநாதர் மதியத்துக்கு மேல் பூசை கூடாது என்று தடை போட்ட பிறகு, பாஸ்கா திருவிழிப்புச் சடங்கு பெரிய சனி காலையிலேயே நடந்து வந்தது. பட்டப்பகலில் மெழுகுதிரி ஏற்றி, இது இருளைப் போக்கும் ஒளி என்று லத்தீனில் பாடினார்கள்! பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் பரீட்சையாகவும், 1956 முதல் எல்லாக் கோயில்களிலும் கட்டாயமாகவும் அதை இரவுக்கு மாற்றினார். சரியான மாற்றம்தான். ஆனால் அந்த இரவில் நான் ஆறு வயசுப் பிள்ளை. கோயில் தரையில் அம்மாவின் மடியில் தூங்கிப்போய், மணிச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. பூசை லத்தீனில், சாமியார் முதுகு காட்டி நிற்கிறார், பிள்ளை தூங்குகிறது. மறுநாள் அம்மா சொன்ன கதையால்தான் ஏதோ புரிந்தது. பூசை தமிழுக்கு வந்துவிட்டது, பிள்ளைகளின் தூக்கம் மட்டும் மாறவில்லை. அதனால் இந்த வேலை வீட்டுக்கு வருகிறது.

வீட்டில் செய்தால் எப்படி இருக்கும் என்று நான் கண்ணால் கண்டது மாஹேயில். எழுபதுகளின் கடைசியில் என்னை அங்கே மாற்றியிருந்தார்கள். புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு இந்த ஊர் மாற்றம் எவ்வளவு பிடித்த விஷயம் என்பதை இங்கே விவரிக்க வேண்டாம். பெரிய வியாழனுக்கு ஊர் திரும்ப முடியவில்லை. உடன் வேலை பார்த்த ஒருவர் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். திருவாங்கூரிலிருந்து மலபாருக்குக் குடியேறிய சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். இப்படிக் குடியேறியவர்களுக்காகவே 1953-இல் தலைச்சேரி மறைமாவட்டம் உருவானது.

கோயிலிலிருந்து திரும்பிய பிறகு அந்த வீட்டில் பெசஹா தொடங்கியது. அரிசி மாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க விடாமல் வேகவைத்த அப்பம். அதன் மேல் போன ஞாயிற்றுக்கிழமையின் குருத்தோலையில் கிழித்த சின்னச் சிலுவை. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப் பாலில் வெல்லம் கரைத்துக் காய்ச்சிய பெசஹா பால். விளக்கேற்றி எல்லோரும் செபம் சொன்னார்கள். வீட்டுப் பெரியவர் யாத்திராகமத்திலிருந்து வாசித்தார். பிறகு அப்பத்தை அறுத்து, பாலில் தோய்த்து, மூத்தவரில் தொடங்கிக் கடைசிப் பிள்ளைவரை ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். விருந்தாளியான எனக்கு வயதுப்படி நடுவில் இடம் கிடைத்தது. அந்த வருஷம் சாவு நடந்த வீட்டில் அப்பம் சுட மாட்டார்களாம், அக்கம்பக்கத்து வீட்டார் கொண்டு போய்க் கொடுப்பார்களாம். "யாத்திராகமத்தில் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறதே" என்றார் நண்பர்.

கடைக்குட்டிக்கு நாலு வயசு இருக்கும். "ஈ அப்பத்துக்கு மட்டும் ஏன் சிலுவை?" என்று அவள் பாட்டியைக் கேட்டாள். அந்தப் பாட்டி சொன்ன பதில் ஐந்து நிமிஷம் நீண்டது. எகிப்தில் தொடங்கி, மேல்மாடிச் சாப்பாட்டில் நுழைந்து, "நாளைக்கு இவர் சாவார், ஞாயிற்றுக்கிழமை எழுந்துவிடுவார், பார்த்துக்கொண்டே இரு" என்று முடித்தாள். யாரும் அந்தக் குழந்தையைச் 'சும்மா இரு' என்று அடக்கவில்லை. அப்பம் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் அவசரப்படவும் இல்லை. மிஷ்னாவைப் பற்றி நான் படித்தது இதற்கு வெகுகாலம் கழித்து. படித்தபோது அந்தப் பாட்டியின் முகம்தான் வந்தது.

நாம் லத்தீன் ரீதிக்காரர்கள், அந்தச் சடங்கை அப்படியே எடுத்து நடத்த வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் கையில் ஒரு பொருளைக் கொடுத்து, கேள்வி வரக் காத்திருக்கலாம். பெரிய வியாழன் இரவிலிருந்து வீட்டில் ரேடியோ, டிவி மணியை நிறுத்திப் பாருங்கள். 'ஏன்?' என்று தானாகவே வரும். திருவிழிப்பில் கொளுத்திய மெழுகுதிரியை வீட்டுக்குக் கொண்டு வந்து, ஞாயிறு காலையில் பிள்ளையையே ஏற்றச் சொல்லலாம். முட்டை வேண்டுமானால் வையுங்கள், சாக்லேட் முட்டையாக இருந்தாலும் சரி. உடைத்தவுடன் உள்ளே காலி என்று காட்டி, விடியற்காலையில் மதலேன் மரியாள் கண்ட கல்லறையும் காலி என்று சொல்ல அரை நிமிஷம் போதும். காட்பரிக்காரர்கள் உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டது இந்த வகையில் நமக்கு உபகாரம்.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு முன் லூக்கா 24-ஆம் அதிகாரத்தில் எம்மாவுஸ் போன இருவர் கதையை வாசிக்கலாம். உயிர்த்த ஆண்டவரை வழி நெடுக அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து, அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

இந்த வருஷம் மகன் குடும்பம் பாஸ்காவுக்குப் புதுச்சேரி வருகிறது. பேரனுக்கு மரக்கட்டைச் சத்தத்தைக் கேட்க வைக்க வேண்டும். வியாழன் இரவுக்கு வெல்லப்பால் காய்ச்சச் சொல்லியிருக்கிறேன். அதில் ஏலக்காய் போடுவதா, சுக்கும் சீரகமும் போடுவதா என்று வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மாஹேயில் எது போட்டார்கள் என்று நண்பருக்குப் போன் செய்துதான் கேட்க வேண்டும்.