சின்ன வண்டியும் பெரிய பீரங்கியும்

விஞ்ஞானக் கதைகளில் வரும் படைகளைக் கவனித்திருப்பீர்கள். கைக்கடக்கமான ஒரு வண்டி. அதன் முதுகில் பெரிய பீரங்கி. அது சுட்டுத் தள்ளும். வண்டியோ அசைவதே இல்லை! இது நடக்கக்கூடியதா?

பள்ளியில் படித்த உந்த அழியா விதியை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். குண்டு முன்னே போனால் பீரங்கி பின்னே வந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பீரங்கிகள் ஒவ்வொரு வேட்டுக்கும் பின்னால் உருண்டன. வீரர்கள் அவற்றைத் தள்ளி வந்து மறுபடியும் குறி பார்த்தார்கள். 1897ஆம் ஆண்டின் பிரெஞ்சு 75 மில்லிமீட்டர் பீரங்கி இத்தொல்லையைத் தீர்த்தது. அதில் குழாய் மட்டும் பின்னே சறுக்கும். எண்ணெயின் தடை அதை நிறுத்தும். அழுத்தப்பட்ட காற்று பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். சக்கரங்கள் நகர்வதில்லை; நிமிடத்துக்குப் பதினைந்து குண்டு சுட முடிந்தது.

1903இல் எச். ஜி. வெல்ஸ் ‘நிலத்துப் போர்க்கப்பல்கள்’ பற்றி ஒரு கதை எழுதினார். அவர் கற்பனை செய்த ராட்சத வண்டிகளில் பெரும் பீரங்கி இல்லை, துப்பாக்கிகள்தாம் இருந்தன. 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் முதல் டாங்கிகள் இறங்கின. எடை சுமார் 28 டன். பீரங்கியின் வாய் 57 மில்லிமீட்டர்தான். கனமான வண்டி, சிறிய பீரங்கி. ஆகவே உதைப்பு பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் வண்டி இலேசாக இருந்தால்? 1950களில் பிரெஞ்சுப் பாராசூட் படைக்காக வெஸ்பா ஸ்கூட்டரில் 75 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றைப் பொருத்தினார்கள். கணக்குப் போடுவோம். குண்டு 6 கிலோகிராம், வேகம் வினாடிக்கு 300 மீட்டர் எனக் கொண்டால் உந்தம் 1800. ஸ்கூட்டரும் பீரங்கியும் சேர்ந்து 180 கிலோகிராம் என்றால், ஸ்கூட்டர் வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பாய வேண்டும்!

அது பாயவில்லை. பீரங்கியின் பின்புறம் திறந்திருந்தது. வெடிவாயுவின் ஒரு பகுதி அவ்வழியே சீறி வெளியேறி, குண்டின் உந்தத்தை ஈடு செய்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி டேவிஸ், முதல் உலகப்போரின் காலத்திலேயே இக்கருத்தைக் கையாண்டார். முன்னே குண்டு போகும்போது, பின்னே அதற்கு ஈடான எடையை எறிந்தது அவருடைய பீரங்கி.

உதைப்பு மறைந்துவிட்டதா? இல்லை. வண்டி ஏற்காத உந்தத்தை வாயு சுமந்து செல்கிறது. அச்சீற்றம் சுட்டவரின் பின்னால் நிற்பவரைக் கொன்றுவிடக்கூடும். கிளம்பும் புழுதியோ அவருடைய இடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுக்கும்.

அடுத்த முறை அத்தகைய கதையைப் படிக்கும்போது, பீரங்கியின் முன்புறத்தை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள்.