நசாவுக்கு முதலில் வந்த படகு

1932 செப்டம்பரில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓடும் செயின்ட் கிளேர் நதியில், கார் வுட் என்ற தொழிலதிபர் தன் 'மிஸ் அமெரிக்கா 10' படகை முடுக்கினார். படகுக்குள் பேக்கார்ட் நிறுவனத்தின் ராட்சத இன்ஜின்கள் நான்கு இருந்தன. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது படகு. தண்ணீரின் மேல் அந்த வேகத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. படகு வேகத்தில் இனிச் சாதிக்க என்ன பாக்கி என்று தோன்றியிருக்கும். ஆனால் இத்தகைய சாதனைகளுக்கு அலையடங்கிய தண்ணீரைத் தேடித்தான் போவார்கள். அதே வேகத்தைத் திறந்த கடலில் யாராவது கேட்டிருந்தால், கார் வுட்டிடம் பதில் இருந்திருக்காது.

காரணம் படகின் அடியில் இருந்தது. குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு நீர்மேல் தத்திப் போகிறதே, வேகப்படகும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடுகிறது. ஒரு வேகத்துக்குமேல் அது தண்ணீரை விலக்கிக்கொண்டு போவதை விட்டுவிட்டு, மேலே ஏறி வழுக்கத் தொடங்கும். அதற்குத் தட்டையான அடிப்பாகம் வசதி. ஆகவே அக்காலப் படகுகளின் மூக்கு கூராக இருந்தாலும், பின்பக்கம் போகப் போக அடி அகன்று விரிந்து கிட்டத்தட்ட சமதளமாகிவிடும். ஏரியில் அது சொகுசு. கடலிலோ, படகு ஓர் அலையின் உச்சியிலிருந்து தாவி அடுத்த அலையின் முதுகில் விழும்போது அந்தத் தட்டையான பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் தண்ணீரில் அறையும். பலகைகள் விரிசல் விடும், ஆணிகள் தளரும், உள்ளே இருப்பவரின் முதுகுத்தண்டு நொறுங்குவதுபோல் வலிக்கும். இரண்டாம் உலகப்போரில் டார்பிடோ படகுகளில் போன மாலுமிகள் இந்த அடியை நன்றாகவே வாங்கினார்கள். கடல் கொந்தளித்தால் வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. அந்தச் சட்டத்தை மீறத் துணிந்தவரோ, கப்பல் வடிவமைப்பை எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர்.

மாசசூசெட்ஸ் கடற்கரை ஊரான டக்ஸ்பரியில் 1908-இல் பிறந்தவர் ரேமண்ட் ஹன்ட். பதின்ம வயதிலேயே இளையோருக்கான தேசியப் பாய்மரப் போட்டியை இருமுறை வென்றவர். கணக்குகளைவிடக் கையும் கண்ணும் சொல்வதை நம்பியவர். அவர் வரைந்த படகுகள் ஒன்றோடொன்று சேராத ரகங்கள். 1938-இல் வந்த கன்கார்டியா பாய்மரப் படகு இன்றும் அழகுக்குப் பெயர் போனது. மூழ்கவே மூழ்காது என்று புகழ்பெற்ற 'பாஸ்டன் வேலர்' சிறுபடகின் அடிப்பாகத்தை வரைந்ததும் இவர்தான். இத்தனைக்கும் நடுவே ஒரு பிடிவாதமான யோசனை அவரை விடவில்லை: மூக்கில் இருக்கும் அந்தக் கூர்மையைப் பின்பக்கம் வரை குறைக்காமல் கொண்டுபோனால் என்ன?

கேட்டவர்கள் சிரிக்க நியாயம் இருந்தது. அடி கூரானால் படகு தண்ணீரில் ஆழமாக அமிழும். மேலே எழும்ப அதிக குதிரைசக்தி கேட்கும். நிற்கும்போது இப்படியும் அப்படியும் ஆடும். அமைதியான தண்ணீரில் தட்டை அடியோடு போட்டியிட்டால் பின்தங்கும். ஹன்ட் இந்த நஷ்டங்களை ஒப்புக்கொண்டே வேலையைத் தொடங்கினார். அடிப்பாகத்தின் இரு சரிவுகளும் கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 24 பாகை சாய்ந்தபடி பின்கட்டை வரை சென்றன. சரிவுகளின் மேல் நீளவாட்டில் மெல்லிய முக்கோணச் சட்டங்களைப் பதித்தார். விரல் தடிமனே இருந்த அவைதான் வித்தையின் மறுபாதி. பக்கவாட்டில் வழிந்தோடும் தண்ணீரை அவை கீழ்நோக்கித் திருப்பிப் படகைச் சற்றே தூக்கின. தெறிக்கும் நீரை வெளியே தள்ளின. திருப்பத்தில் படகு சறுக்காமல் பிடித்துக்கொண்டன. 1958-இல் 23 அடி நீளத்தில் 'ஹன்டர்' பிறந்தது. அதைப் பார்க்க வேண்டிய ஆள் இன்னும் வந்து சேரவில்லை.

அந்தக் கோடையில் நியூபோர்ட் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கக் கோப்பைக்கான தேர்வுப் போட்டிகள் நடந்தன. ஹன்ட் வரைந்த 'ஈஸ்டர்னர்' என்ற பாய்மரப் படகும் களத்தில் இருந்தது. அதற்கு எடுபிடி வேலை செய்ய வந்ததுதான் ஹன்டர். எதிரணியான 'விம்' படகில் மயாமியிலிருந்து வந்த படகுத் தரகர் டிக் பெர்ட்ராம் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். காற்று வலுத்து, மற்ற மோட்டார் படகுகள் எல்லாம் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், சின்னஞ்சிறு படகொன்று அலைகளுக்குக் குறுக்கே அலட்டிக்கொள்ளாமல் ஓடுவதைப் பெர்ட்ராம் கண்டார். அதில் ஏறிப் பார்த்த பிறகு அவருக்குப் பொறுக்கவில்லை. இதே அடியோடு தனக்கொரு பெரிய படகு வேண்டும் என்று ஹன்டிடம் கேட்டார். மரத்தில் உருவான சுமார் 30 அடிப் படகுக்கு மனைவியின் செல்லப்பெயரான 'மாப்பி'யையே சூட்டினார். இரண்டு லிங்கன் வி8 இன்ஜின்கள் உள்ளே உட்கார்ந்தன. அதற்குக் காத்திருந்த பரீட்சை சாதாரணமானதல்ல.

மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் தலைநகர் நசாவரை ஒரு மோட்டார் படகுப் பந்தயம் 1956 முதல் நடந்துவந்தது. நசாவில் கார்ப் பந்தயங்களை நடத்திவந்த ரெட் கிரைஸ்தான் அதற்கும் அமைப்பாளர். வழியில் குறுக்கிடும் வளைகுடா நீரோட்டம் காற்றோடு மோதினால் அலைகள் செங்குத்தாக எழும். 1960 ஏப்ரலில் பந்தய நாளன்று காற்று வெறிபிடித்து அடித்தது. அலைகள் 8 அடி உயரம். மாப்பியின் சக்கரத்தைப் பிடித்தவர் சாம் கிரிஃபித், கடலுக்கு அஞ்சாதவர் என்று பேர் வாங்கியவர். கூடவே பெர்ட்ராமும், பாய்மர வீரரும் எழுத்தாளருமான கார்ல்டன் மிட்செலும் இருந்தார்கள். வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் இந்தக் கடலைப் பார்த்து ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்திருப்பார்கள். மற்றவர்கள் குறைத்தார்கள். கிரிஃபித் குறைக்கவில்லை.

எட்டு மணி நேரத்தில் மாப்பி நசாவை எட்டியது; பந்தயத்தின் பழைய சாதனை உடைந்தது. அதன்பின் துறைமுக வாசலில் வெகுநேரம் எந்தப் படகும் தலைகாட்டவில்லை. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவதாக ஒரு 23 அடிப் படகு நுழைந்தது. ஜிம் வின் ஓட்டிவந்த 'அக்வா ஹன்டர்' அது. அதன் அடியும் ஹன்ட் வரைந்ததே. மூன்றாவது படகு வந்து சேர்ந்தது மறுநாள். கடல் அன்று சாதுவாக இருந்திருந்தால் தட்டை அடிப் படகு ஏதாவதொன்று ஜெயித்திருக்கலாம், ஹன்டின் யோசனை இன்னும் பத்தாண்டு அலமாரியில் கிடந்திருக்கலாம். காற்றின் தயவில் ஒரே நாளில் வழக்கு முடிந்தது. பெர்ட்ராம் உடனே செய்த காரியம்தான் விசித்திரம்: வெற்றி பெற்ற படகைக் கவிழ்த்துப் போட்டார்.

மாப்பியின் மரவுடலின் மேல் அச்சு எடுத்து, அந்த அச்சிலிருந்து ஃபைபர் படகுகளை வார்ப்பது அவர் திட்டம். 1961 நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'பெர்ட்ராம் 31' மேடையேறியது. அதே ஆண்டு 'கிளாஸ் மாப்பி' என்ற ஃபைபர் படகோடு பெர்ட்ராமும் கிரிஃபித்தும் நசா பந்தயத்தை மறுபடி வென்றார்கள். விற்பனை சூடுபிடித்தது. ஹன்டும் செல்வந்தராகியிருக்க வேண்டும். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி, ஒரு கண்டுபிடிப்பு வெளியுலகுக்குத் தெரிந்த ஓராண்டுக்குள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அவருடைய அடிப்பாகத்தின் விவரமோ, அவர் விண்ணப்பிப்பதற்கு ஓராண்டுக்கும் முன்பே அச்சேறிவிட்டிருந்தது. காப்புரிமை நிலைக்கவில்லை. கடலில் இத்தனை முதுகுகளைக் காப்பாற்றிய மனிதருக்கு அதற்குரிய பணம் வராமல் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அவருக்கு நஷ்டமானது மற்ற எல்லோருக்கும் திறந்த கதவானது. அந்தக் கதவு வழியே முதலில் பாய்ந்தவர்களில் ஒருவர் நியூஜெர்சியிலிருந்து வந்த ஒரு கட்டட ஒப்பந்தக்காரர்.

டான் ஆரனோ இளமையிலேயே போதிய பணம் சேர்த்துவிட்டு மயாமிக்கு வந்தவர். சும்மா இருக்க முடியாமல் பந்தயத்தில் இறங்கினார், பிறகு படகு கட்டினார். ஃபார்முலா, 1964-இல் டான்சி, 1966-இல் மேக்னம், அந்தப் பத்தாண்டின் முடிவில் சிகரெட்: ஒரு நிறுவனத்தை வளர்த்து விற்பார், உடனே அடுத்ததைத் தொடங்குவார். வடக்கு மயாமியின் 188-ஆம் தெருவில் வரிசையாக எழுந்த அந்தப் பட்டறைகள் எல்லாவற்றிலும் அடித்தளமாக இருந்தது ஹன்டின் சரிவுதான். அதன் கூர்மையில் இன்னும் பெரிய இன்ஜின்களை ஏற்றிச் சென்று 1967-இலும் 1969-இலும் ஆரனோ உலகப் பட்டம் வென்றார். 1987 பிப்ரவரியில் அதே தெருவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹன்ட் 1978-இலேயே காலமாகியிருந்தார். பெர்ட்ராம் 31-இன் தொடர் உற்பத்தியும் 1983-இல் நின்றது. கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தப் படகுகள் சாக மறுத்தன.

ஆரம்பகாலக் கட்டுநர்களுக்கு ஃபைபரின் வலிமை சரியாகப் பிடிபடவில்லை. பயந்துபோய் அடுக்குமேல் அடுக்காகத் தடிமனாக ஊற்றினார்கள். அந்தப் பயம்தான் பின்னாளில் வரமாயிற்று. கொல்லையிலும் படகுத்துறையிலும் கிடந்த பழைய பெர்ட்ராம்களையும் டான்சிகளையும் தேடி வாங்கியவர்கள், ஓடு திடமாக இருப்பதைக் கண்டார்கள். கெட்டுப்போனது உள்ளே ஒளிந்திருந்த மரம். எப்போதோ போட்ட ஒரு திருகின் துளை வழியே கசிந்த நீர், பின்கட்டையின் நடுவிலிருந்த ஒட்டுப்பலகையை மாவாக்கியிருக்கும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள்: நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும், உளுத்த இடம் மொத்தென்று முனகும். முனகிய இடத்தை அறுத்தெடுத்துப் புதுப் பலகையை எபாக்ஸியில் ஊறவைத்துப் பதிப்பார்கள். இன்ஜின், வயரிங், எரிபொருள் தொட்டி எல்லாம் கழன்று வெளியே போகும். பெட்ரோல் வி8 இருந்த இடத்தில் டீசல் இன்ஜின் வைப்பதா என்று நண்பர்களுக்குள் சண்டையே நடக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் சண்டை இல்லை. உள்ளிருக்கும் தாங்குகட்டைகளை அறுக்குமுன், அடிப்பாகத்துக்கு அச்சாக வெட்டிய தாங்கிகளில் படகை அமர்த்தியாக வேண்டும். வேலை முடிந்ததும் நேரான நீண்ட சட்டம் ஒன்றை அடிச்சரிவோடு ஒட்டிப் பிடித்து, பின்கட்டையருகே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அங்கே அடி கீழ்நோக்கி மடங்கியிருந்தால் ஓடும்போது மூக்கு நீரில் குத்தும். மேல்நோக்கி வளைந்திருந்தால் படகு ஓயாமல் தலையாட்டும்.

பெயிண்டும் இன்ஜினும் இருக்கையும் புதிதாகலாம். ஹன்ட் வரைந்த சரிவு மட்டும் இம்மியும் பிசகக் கூடாது. படகுக்காரர்கள் 'டீப்-வி' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவது அதைத்தான். டிரெய்லரில் ஏறிப் போகும் மீன்பிடிப் படகிலும், காவல்துறையின் ரோந்துப் படகிலும், ரப்பர் விளிம்பு வைத்த மீட்புப் படகிலும் அடியில் குனிந்து பார்த்தால் கண்ணில் படுவது அதே கூர்மை, அதே முக்கோணச் சட்டங்கள். ஹன்டின் பெயரைத் தாங்கிய வடிவமைப்பு நிறுவனம், புயலோ மழையோ பெரிய கப்பல்களை வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் பைலட்டுகளின் படகுகளுக்கும் அந்த அடியையே வரைந்து கொடுத்தது. கடல் மோசமாக இருக்கிறது என்று ஒருநாள் விடுப்பு எடுக்க முடியாதவர்கள் அவர்கள்.